அப்பா மீனவர், ‘இஸ்’ எங்கே?

வணக்கம் சேர்,

மகள் தரம் 7 படிக்கிறாள். ஆங்கிலத்தின் 8 சொல்வகைகளையும் ரியூசனில் பாடமாக்கிவிட்டாள், நித்திரையில் கேட்டாலும் சொல்வாள். ஆனால் ‘மை பாதர் பிஷர்மன்’ என்று எழுதிப் பிழை வாங்கி வந்தாள். நவுண் என்றால் எழுவாய், வேர்ப் என்றால் பயனிலை என்று கொப்பியில் இருக்கிறது. அது சரியா? எனக்கு விளக்கத் தெரியவில்லை.

ஒரு வாசகர், உப்புவெளி

அன்புள்ள தம்பி,

மகளை ஏசாதீர்கள். பிழை கொப்பியில் தொடங்குகிறது.

நவுண் (பெயர்ச்சொல்), வேர்ப் (வினைச்சொல்) என்பவை ஒரு சொல் எந்த வகை என்று சொல்பவை. எழுவாய், செயப்படுபொருள் என்பவை அந்தச் சொல் வாக்கியத்தில் பார்க்கும் வேலை. ‘மீன் துள்ளியது’, ‘மீனை வெட்டினேன்’, ‘மீனுக்கு விலை கூடிவிட்டது’ என்ற மூன்றிலும் மீன் பெயர்ச்சொல்தான். ஆனால் முதலாவதில் மட்டுமே எழுவாய். (மூன்றாவதில் விலைதான் எழுவாய்.)

தமிழில் அந்த வேலையை உருபு காட்டிக்கொடுத்துவிடும். ‘நாய் மானைத் துரத்தியது’ என்றாலும் ‘மானை நாய் துரத்தியது’ என்றாலும் ஓடுவது மான்தான். ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடமே உருபு. ‘த டோக் சேஸ்ட் த டியர்’ என்பதில் நாயையும் மானையும் இடம் மாற்றினால் மான் நாயைத் துரத்தத் தொடங்கிவிடும். சொல்வகையும் அப்படித்தான், நிற்கும் இடத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். ‘வீ பிஷ் அட் நைட்’ என்பதில் ‘பிஷ்’ வேர்ப்.

சரி, ‘மை பாதர் பிஷர்மன்’ விசயத்துக்கு வருகிறேன். ‘அப்பா மீனவர்’ என்பது தமிழில் முழு வாக்கியம், ஒரு குறையும் இல்லை. வினை மட்டுமல்ல, பெயரும் வினாவும்கூடப் பயனிலையாக வரும் என்று நன்னூலே சொல்கிறது. ஆங்கிலம் அதை ஏற்காது, வேர்ப் ஒன்று இருந்தே ஆகவேண்டும். மகள் தமிழில் சரியாக யோசித்து ஆங்கிலச் சொற்களைப் போட்டிருக்கிறாள். நானும் ‘மை மதர் வெரி குட்’ என்று எழுதிச் சிவப்பு வட்டம் வாங்கியவன்தான். ஏன் வட்டம் என்று எவரும் சொல்லவில்லை.

அவளிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: அப்பா முன்பு மீனவர், இப்போது இல்லை என்றால் எப்படிச் சொல்வாய்? ‘மீனவராக இருந்தார்’ என்பாள். அந்த ‘இரு’ தமிழில் இறந்தகாலத்துக்கு வருகிறது, நிகழ்காலத்தில் ஒளிந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் வெளியே வரவேண்டும்: ‘வோஸ்’, ‘இஸ்’. அப்புறம், ‘இஸ்’ஸுக்குப் பின்னால் வரும் பிஷர்மன் செயப்படுபொருள் அல்ல. அப்பாவும் மீனவரும் ஒரே ஆள். அதைக் கொம்ப்ளிமென்ட் என்பார்கள்.

அவள் விட்ட இன்னொன்று பிஷர்மனுக்கு முன் வரும் ‘எ’. அவள் பாடமாக்கிய எட்டில் அதற்குத் தனி இடமே இல்லை. பழைய கிரேக்க இலக்கணத்தின் எட்டில் ‘த’ போன்ற சொல்லுக்கு இடம் இருந்தது. லத்தீனில் அப்படியொரு சொல் கிடையாது. அதை எடுத்துவிட்டு, எண்ணிக்கை குறையாமல் வியப்புச்சொல்லைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆங்கிலப் பள்ளி இலக்கணம் லத்தீன் வழியே வந்தது. ஆகவே எட்டு என்பதைப் பெரிதாக எடுக்கவேண்டாம்.

ஒரு பின்னேரம் அவளைத் திருகோணமலையில் மான்கள் திரியும் பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் கூட்டிப்போங்கள். ‘இது புள்ளிமான்’, ‘கடல் நீலம்’, ‘மான்கள் சாது’ என்று வினையில்லாத வாக்கியங்களாகச் சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றிலும் ஒளிந்திருப்பதை ஆங்கிலத்தில் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். மான்கள் என்று வரும்போது ‘இஸ்’ஸா ‘ஆர்’ரா என்று அவளே கேட்பாள். ‘டியர்’ ஒன்றானாலும் பலவானாலும் ஒரே சொல் என்பதால் கொஞ்சம் குழம்புவாள். அதற்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.