கலோரி நோட்டுக்கு ஒரு நாள் லீவு: கேள்வி பதில்

எடை குறைப்பதற்காகத் தினமும் கலோரி எழுதி வருபவர்கள், நடுநடுவே எழுதாமல் விடுவதைப் பற்றிக் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும். இங்கே "லீவு நாள்" என்பது எதையும் பதியாத நாள். வயிறு முட்டச் சாப்பிடும் நாளுக்கு அந்தப் பெயர் இல்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் வந்த கேள்விகளில் பாதி வந்திருக்கிறது.

நாலு மாசமா ஒரு வாய் விடாம எழுதுறேன். 84 கிலோ இருந்தேன், இப்ப 77. சலிச்சுப் போச்சு. ஞாயிறு மட்டும் எழுதாம விட்டா பட்ட பாடெல்லாம் வீணாயிடுமா அக்கா?

ஆகாது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். உடம்பு செலவழிப்பதைவிட நாளைக்கு 500 கலோரி குறைத்துச் சாப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு நாளில் 3500 குறைகிறது. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7700 கலோரி, ஆக வாரத்துக்கு 450 கிராம். ஞாயிறு அன்று மட்டும் எடை ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் சமநிலை அளவுக்குச் சாப்பிட்டால் 3000 குறையும், 390 கிராம். வித்தியாசம் 60 கிராம், ஒன்றரை இட்லி கனம்.

அதே ஞாயிறு சமநிலைக்கு மேல் 1500 போனால் வாரத்தின் பாதி உழைப்பு போச்சு. சனிக்கிழமை ராத்திரி பரோட்டாவில் ஆரம்பித்து ஞாயிறு ராத்திரி ஐஸ்கிரீமில் முடிந்து, இரண்டு நாளும் 1500 கூடினால், ஐந்து நாளில் மிச்சம் பிடித்தது 2500, விட்டது 3000. எடை ஏறும். ஆகவே லீவுக்கு வரப்பு கட்டுங்கள்: ஞாயிறு காலை காபியில் தொடக்கம், அன்றைய ராத்திரிச் சாப்பாட்டோடு முடிவு. சனி ராத்திரி அதில் சேராது.

எனக்குச் சமநிலை அளவு 2300னு ஆப் காட்டுது. நம்பலாமா?

ஆப் உங்கள் வயது, உயரம், எடையை ஒரு சூத்திரத்தில் போட்டு ஊகிக்கிறது. உங்களிடமே அதைவிட நல்ல தகவல் இருக்கிறது. கடைசி மூன்று வாரம் எழுதியதன் தினசரிச் சராசரியை எடுங்கள். வாரத்துக்குச் சராசரியாக எத்தனை கிலோ குறைந்தது என்பதை 7700ஆல் பெருக்கி, 7ஆல் வகுத்து, அதோடு கூட்டுங்கள். 1600 சாப்பிட்டு வாரம் 0.4 கிலோ குறைந்திருந்தால், 0.4 × 7700 ÷ 7 = 440. உங்கள் சமநிலை 2040, ஆப் சொன்ன 2300 இல்லை. அந்த 260 கலோரி வித்தியாசத்தில்தான் பலருடைய லீவு நாள் ஓட்டை. எடை குறையக் குறைய இந்த எண்ணும் இறங்கும். 5 கிலோவுக்கு ஒரு தடவை மறுபடி போடுங்கள்.

ஞாயிறு ஒரே ஒரு பிளேட் பிரியாணி. திங்கட்கிழமை காலைல மெஷின்ல 1.6 கிலோ ஏத்தம்! அழுகையே வந்துடுச்சு.

1.6 கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் தேவைக்கு மேல் 12,000 கலோரிக்கும் அதிகமாக உள்ளே போயிருக்க வேண்டும். முழு பிளேட் பிரியாணி 400 கிராம் என்றால் 700, 800 கலோரி இருக்கும். அப்படியே பதினைந்து பிளேட் சாப்பிட்டீர்களா?

ஏறியது பெரும்பாலும் தண்ணீர். குறைத்துச் சாப்பிடும் நாட்களில் ஈரலிலும் தசையிலும் உள்ள கிளைக்கோஜன், அதாவது உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து, வற்றியிருக்கும். சாதம், இனிப்பு கூடுதலாகப் போனதும் அது நிரம்புகிறது. ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 300 கிராம் நிரம்பினால் அதுவே 1.2 கிலோ. கடைப் பிரியாணி உப்பு இழுத்து வைக்கும் நீர் தனி. குடலில் இன்னும் வெளியேறாத உணவு தனி. மாதவிடாய்க்கு முந்தின வாரமாக இருந்தால் அதுவும் சேரும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் புதன், வியாழனுக்குள் இறங்கிவிடும்.

திங்கட்கிழமை மெஷினில் ஏறுவதை நிறுத்துங்கள். லீவு ஞாயிறு என்றால் எடை பார்க்கும் நாள் சனிக்கிழமை: காலையில் கழிப்பறை போய் வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல். சனியைச் சனியோடுதான் ஒப்பிட வேண்டும்.

லீவு நாளை எப்படி அமைக்கிறதுன்னு கொஞ்சம் விவரமா சொல்லுங்க. "அளவா சாப்பிடு"ன்னா எனக்குப் புரியாது.

அதற்கு முந்தின வாரமே ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டுச் சாதக் கரண்டியை எடுங்கள். சமையல் தராசில் தட்டை வைத்துப் பூஜ்யமாக்கி, வழக்கமாகப் போடுகிற மாதிரி ஒரு கரண்டி போட்டு எண்ணைப் பாருங்கள். ஐந்து தடவை செய்யுங்கள். 80 கிராம் வரும், 95 வரும், கூம்பாக அள்ளினால் 120 வரும். வெந்த சாதம் 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி. "எங்க வீட்டுக் கரண்டி தட்டையா போட்டா 90" என்று கைக்கு மனப்பாடமான பிறகு லீவு நாளில் தராசு வேண்டாம். குழம்புக் கரண்டி, பொரியல் கரண்டி, தோசைமாவுக் கரண்டி ஆகியவற்றுக்கும் இதே பாடம்தான். இது தெரியாமல் லீவு எடுத்தால் கண் உங்களை ஏமாற்றும், அதுவும் எப்போதும் ஒரே பக்கமாக.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தை மாற்றாதீர்கள். மத்தியான விருந்துக்காகக் காலை டிபனை விடுகிறவர்கள்தான் பந்தியில் முதல் பத்து நிமிஷத்திலேயே கணக்கை முடித்துவிடுகிறார்கள். காலையில் வழக்கமான மூன்று இட்லி, சாம்பார், கூடவே இரண்டு முட்டை, அல்லது ஒரு கிண்ணம் சுண்டல். புரதம் உள்ளே போயிருந்தால் மதியம் கை நிதானமாக இருக்கும். தேங்காய்ச் சட்னியில் மட்டும் கண் வையுங்கள். துருவிய தேங்காய் 100 கிராமிலேயே 350 கலோரி.

ஒரு வேளையை விசேஷ வேளையாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டும் வார நாள் மாதிரியே. வாங்கி வைக்கும் விஷயத்தில் ஒரு சின்ன ஒழுங்கு: இனிப்பு வேண்டுமென்றால் இரண்டு துண்டு வாங்குங்கள், கால் கிலோ வேண்டாம். மிச்சம் திங்கட்கிழமை ஃபிரிட்ஜில் உட்கார்ந்திருக்கும். திங்களுக்கு லீவு கிடையாது.

அடுத்த மாசம் எங்க வீட்டுக் கல்யாணம் மேடம். பரிசம், ரிசப்ஷன், முகூர்த்தம்னு மூணு நாள் தொடர்ச்சி. எழுதவே முடியாது.

எழுத வேண்டாம். மூன்று நாளும் சமநிலையில் நின்றால் போதும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். குறைக்க முயன்றால் தோற்பீர்கள், தோற்ற கோபத்தில் நாலாவது நாளும் போகும்.

இலையில் எது கனம் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பருப்புக்கு ஒரு கரண்டி, சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று என நாலு கரண்டி சாதம் 400 கிராம் ஆகும், 520 கலோரி. மெதுவடை ஒன்று சுமார் 120. நெய் ஒவ்வொரு டீஸ்பூனுக்கும் 45. பிறகு பாயசம், இனிப்பு, அப்பளம். ரசத்துக்கும் மோருக்கும் சாதம் வாங்காமல் டம்ளரில் வாங்கிக் குடித்தால் சத்தமில்லாமல் 250 போய்விடும். யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். "போதும்" என்று வாயால் சொன்னால் பரிமாறுபவர் காதில் விழாது. இலைக்கு மேல் கையை விரித்து மறையுங்கள்.

பந்தியைவிட ரிசப்ஷன் பஃபேதான் ஆபத்து. முதலில் வெறும் கையோடு ஒரு சுற்று நடந்து என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, பிறகு தட்டை எடுங்கள். ஊரில் எங்கும் கிடைக்கிற நூடுல்ஸுக்கும் கோபி மஞ்சூரியனுக்கும் தட்டில் இடம் கொடுக்காதீர்கள். அந்த வீட்டு அல்வாவுக்குக் கொடுங்கள்.

சீட் டே, அதாவது கட்டுப்பாடே இல்லாம சாப்பிடுற நாள், வச்சா மெட்டபாலிசம் வேகமாகும்னு ஜிம் மாஸ்டர் சொல்றார். நிஜமா?

உடம்பு கலோரி எரிக்கும் வேகம் ஒரு நாளில் அப்படி ஒன்றும் மாறுவதில்லை. இந்தப் பேச்சுக்கு மூலமாகக் காட்டப்படுவது ஆஸ்திரேலியாவில் பருமனான ஆண்களை வைத்து நடத்திய மடடோர் ஆய்வு, 2017இல் வெளியானது. இரண்டு வாரம் கட்டுப்பாடு, இரண்டு வாரம் சமநிலை என்று மாறி மாறிச் சாப்பிட்டவர்கள் சராசரியாக 14 கிலோவும், 16 வாரம் தொடர்ந்து குறைத்தவர்கள் 9 கிலோவும் இழந்தார்கள். ஆனால் அங்கே இடைவெளி என்பது முழுசாக இரண்டு வாரம், அதுவும் அளந்த சமநிலைச் சாப்பாடு. கண்டதைத் தின்னும் நாள் அல்ல. மொத்தமாக எடுத்துக்கொண்ட காலமும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. பிறகு எடைப்பயிற்சி செய்பவர்களை வைத்து, 3 வாரத்துக்கு ஒரு வாரம் இடைவெளி கொடுத்துப் பார்த்த ஐஸ்கேப் ஆய்வில் கொழுப்பு கூடுதலாகக் குறையவில்லை. இடைவெளி எடுத்தவர்களுக்குப் பசி குறைவாக இருந்தது. அதுவே சின்ன லாபமில்லை. லீவு மனசுக்கும் பசிக்கும் உதவும் என்று எடுத்துக்கொள்ளுங்கள், மாஸ்டர் சொல்வதைப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு கொஞ்சம் ஓவராயிடுச்சுன்னா திங்கள் விரதம் இருந்து சரிக்கட்டலாமா?

வேண்டாம். பட்டினி, பிறகு அகோரப் பசி, பிறகு இன்னொரு ஞாயிறு என்று சக்கரம் சுழலத் தொடங்கிவிடும். திங்கள் காலை வழக்கமான டிபன். ஈடுகட்டியே ஆக வேண்டும் என்று மனசு கேட்டால், அடுத்த ஐந்து நாள் தினம் 100 கலோரி குறையுங்கள்: சாதத்தில் முக்கால் கரண்டி, அவ்வளவுதான். விரதம் சாமிக்காக என்றால் அது வேறு கணக்கு. ஆனால் "சாதம் தொடமாட்டேன்" என்று ஜவ்வரிசி உப்புமாவும் வாழைக்காய் பஜ்ஜியும் சாப்பிடுகிற விரதத்தில் கலோரி குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அஞ்சு வாரமா ஞாயிறு மட்டும்தான் லீவு. மத்த நாள் 1500 தாண்டல. எடை அசையல. தைராய்டா இருக்குமோ?

சந்தேகம் இருந்தால் டி.எஸ்.எச். பரிசோதனை செய்துகொள்ளுங்கள், தப்பில்லை. அதற்கு முன் 1992இல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வைச் சொல்கிறேன். "1200தான் சாப்பிடுகிறோம், இறங்கவில்லை" என்றவர்களைச் சோதித்ததில், உண்மையில் சாப்பிட்டதில் கிட்டத்தட்ட பாதியை அவர்கள் கணக்கில் காட்டவே இல்லை. பொய் சொல்லவில்லை, கண்ணில் படவில்லை.

நம் வீடுகளில் கண்ணில் படாதது இரண்டு. ஒன்று எண்ணெய். நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ, லிட்டருக்குச் சுமார் 8200 கலோரி. வீட்டில் நாலு பேர், மாதம் 3 லிட்டர் என்றால், ஆளுக்கு நாளைக்கு 205. நீங்கள் தாளிப்புக்கு எவ்வளவு எழுதுகிறீர்கள்? ஒரு டீஸ்பூன், 45தானே? காலியான பாக்கெட்டுகளை ஒரு மாதம் எறியாமல் ஒரு பையில் போட்டு வைத்து எண்ணுங்கள். இரண்டாவது டீ. பச்சை பாக்கெட் ஆவின் பால் 100 மில்லியும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையும் சேர்ந்தால் 110 கலோரி. நாலு டம்ளர் என்றால் 440, ஒரு வேளைச் சாப்பாடு. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

அடுத்த இரண்டு ஞாயிறும் எழுதாதீர்கள், வாயில் போடும் எல்லாவற்றையும் போட்டோ மட்டும் எடுங்கள். திங்கட்கிழமை அதைப் பார்த்துக் கணக்கிடுங்கள். சனி ராத்திரியையும் சேர்த்து.

வாரத்துல ஒரு நாள் ஒரு குவார்ட்டர் அக்கா. அதுவும் லீவுலயே கழிஞ்சுடும்ல?

180 மில்லி 430 கலோரி தம்பி. அதோடு நின்றால் கழியும். வறுத்த கடலை 100 கிராம் 570, அதன் பிறகு நள்ளிரவு கொத்து பரோட்டா. சைடு டிஷ்தான் ஆளை அடிக்கிறது. குடிக்கும் முன்பே இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். குடிக்காமல் இருந்தால் இந்தக் கேள்வியே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு 62 வயசு, சுகருக்கு கிளிமிபிரைடு மாத்திரை. அவங்களும் என்கூட கலோரி எண்ணுறாங்க. லீவு கொடுக்கலாமா?

எழுதுவதற்கு லீவு கொடுக்கலாம். சாப்பாட்டு நேரத்துக்கும் மாவுச்சத்தின் அளவுக்கும் கொடுக்கக் கூடாது. அந்த மாத்திரை இன்சுலினைச் சுரக்கவைக்கும். போட்டுவிட்டு டிபனைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை சரேலென்று இறங்கும். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. வேர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்து மீட்டரில் 70க்குக் கீழே இருந்தால், 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் மாத்திரை அளவையே குறைக்க வேண்டிவரலாம், ஆகவே இரண்டு பேரும் எண்ணுகிற விஷயத்தை அவருடைய டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

லீவு நாள் வந்தா நிறுத்தவே முடியல. வயிறு வலிக்கிற வரைக்கும் சாப்பிட்டுட்டு, யாருக்கும் தெரியாம வாந்தி எடுத்துடுறேன்.

உங்களுக்கு லீவு நாளும் வேண்டாம், கலோரி எண்ணுவதும் இப்போது வேண்டாம். இது மன உறுதி சம்பந்தப்பட்டதல்ல, மருத்துவம் இருக்கிற நோய். மனநல மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். கூச்சமாக இருந்தால் இங்கே எழுதிய இரண்டு வரியை அப்படியே காட்டுங்கள், போதும். எடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆயுசுக்கும் எழுதிக்கிட்டே இருக்கணுமா? எப்ப நிறுத்துறது?

லீவு நாட்களே அதற்கு ஒத்திகை. ஒரு மாதம் வாரத்துக்கு ஒரு நாள். எடை போகும் வேகம் மாறவில்லை என்றால் இரண்டு நாள், ஆனால் அடுத்தடுத்து வராமல், புதனும் ஞாயிறும் மாதிரி. பிறகு மூன்று. குறி வைத்த எடைக்கு வந்ததும் முழுசாக நிறுத்திவிட்டு, வாரம் ஒரு முறை எடை மட்டும் பாருங்கள். தொடர்ந்து மூன்று சனிக்கிழமை ஒன்றரை கிலோவுக்கு மேல் கூடுதலாகக் காட்டினால் பத்து நாள் மறுபடி நோட்டு. சமையல் தராசை மட்டும் பரணில் போட்டுவிடாதீர்கள், நிலக்கடலைக்கு அது வேண்டியிருக்கும்.