ஜேசானில் சரியாக வரும் ஜெனரிக் கிளாஸ், ஃபார்மில் ஏன் உடைகிறது?

வாசகரின் கேள்வி: ஜாவாவின் வெப் கட்டமைப்பான ஸ்பிரிங் எம்விசியில் ஒரு கல்லூரிக்கான மென்பொருள் எழுதுகிறேன். மாணவர் சேர்க்கை, ஆசிரியர் பணி என்று இரண்டு வகை விண்ணப்பங்கள். இரண்டுக்கும் பொதுவான தேதி, நிலை, குறிப்பு ஆகியவற்றை ‘விண்ணப்பம்<டி>’ என்ற ஜெனரிக் கிளாஸில் (டி என்ற டைப்பைப் பயன்படுத்தும்போது நிரப்பிக்கொள்ளும் கிளாஸ்) வைத்து, உள்ளே ‘டேட்டா’ என்ற ஃபீல்டை டி டைப்பில் வைத்தேன். எல்லாம் சாதாரண கெட்டர், செட்டர்தான். மொபைல் ஆப் அனுப்பும் ஜேசான் ஒழுங்காக வந்து உட்காருகிறது. அதே கிளாஸுக்கு வெப் ஃபார்மிலிருந்து அனுப்பினால் தேதியும் நிலையும் வருகின்றன. டேட்டாவைத் தொட்டதும், டைப் பொருந்தவில்லை என்ற கிளாஸ்காஸ்ட் எக்செப்ஷன். ஏன்?

பதில்: உங்கள் எச்டிஎம்எல்லில் தவறு இருக்க வாய்ப்பு குறைவு. ‘டேட்டா.பெயர்’ என்று புள்ளி வைத்து இன்புட்டுக்குப் பெயர் கொடுத்திருந்தால் அது சரியான முறைதான். சிக்கல் ஜாவாவின் அடித்தளத்திலேயே இருக்கிறது.

2004இல் ஜாவா 5 வந்தபோது ஜெனரிக்ஸ் சேர்ந்தது. பழைய கோடு (நிரல்) உடையக் கூடாது என்பதற்காக, கம்பைலர் டைப்பைச் சரிபார்த்துவிட்டு அழித்துவிடும். ஓடும் நேரத்தில் ‘விண்ணப்பம்<மாணவர்>’ என்று தனியாக ஒரு கிளாஸ் கிடையாது. வெறும் ‘விண்ணப்பம்’ மட்டுமே. டி என்று நீங்கள் எழுதிய இடத்தில் ஆப்ஜெக்ட் நிற்கும். சி ஷார்ப்பில் இப்படி இல்லை. அங்கே டைப் ஓடும் நேரத்திலும் உயிரோடு இருக்கும். டாட்நெட்டிலிருந்து ஜாவாவுக்கு வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள், அது அவர்கள் குற்றமில்லை.

அப்படியானால் ஜேசான் மட்டும் எப்படி வேலை செய்கிறது? இதில்தான் விஷயமே இருக்கிறது. அழித்தல் என்றால் எல்லா இடத்திலும் அழித்தல் இல்லை. உருவான ஆப்ஜெக்டில் டைப் விவரம் இருக்காது. ஆனால் கோடில் நீங்கள் அறிவித்த இடங்களில், அதாவது ஒரு ஃபீல்டு, ஒரு மெத்தடின் பாராமீட்டர், ‘எக்ஸ்டெண்ட்ஸ்’ என்று சொல்லும் தாய் கிளாஸ் ஆகியவற்றில், முழு டைப்பும் கிளாஸ் ஃபைலுக்குள் எழுதப்பட்டிருக்கும். ஓடும் நேரத்தில் கிளாஸின் அமைப்பைப் பார்க்க உதவும் ரிஃப்ளெக்ஷன் வழியாக அதைப் படிக்கலாம். ரிக்வெஸ்ட் பாடி வழியாக வரும் ஜேசானுக்கு, ஸ்பிரிங் கன்ட்ரோலர் மெத்தடின் பாராமீட்டரில் எழுதியிருக்கும் முழு டைப்பையும் எடுத்து, ஜேசானை ஆப்ஜெக்டாக மாற்றும் ஜாக்சன் நூலகத்திடம் கொடுக்கிறது. ‘விண்ணப்பம், அதற்குள் மாணவர்’ என்று ஜாக்சனுக்குத் தெரிகிறது.

வெப் ஃபார்ம் வரும் மாடல் அட்ரிபியூட் வழி வேறு. ஃபார்ம் வரும்போது ஸ்பிரிங் முதலில் பாராமீட்டரின் கிளாஸை மட்டும் பார்த்து ஒரு காலி ‘விண்ணப்பம்’ உருவாக்குகிறது. பிறகு, ஃபார்ம் மதிப்புகளை ஆப்ஜெக்டில் நிரப்பும் பைண்டர் அந்த ஆப்ஜெக்டின் கிளாஸைப் பிடித்துக்கொண்டு செட்டர்களைத் தேடுகிறது. ‘டேட்டா.பெயர்’ வந்ததும் டேட்டா நல் ஆக (மதிப்பு எதுவும் இல்லாமல்) இருப்பதைப் பார்த்து, அதன் டைப்பில் ஒன்றை உருவாக்கப் போகிறது. டைப் என்ன? ஆப்ஜெக்ட். ஆக ஒரு வெற்று ஆப்ஜெக்டை உருவாக்கி வைக்கிறது. அதில் ‘பெயர்’ என்று ஒன்றுமில்லை. தெரியாத ஃபீல்டுகளைப் புறக்கணி என்பதுதான் பைண்டரின் இயல்பு அமைப்பு என்பதால், சத்தமே இல்லாமல் தாண்டிப் போய்விடும். நீங்கள் அதை மாணவராக நினைத்துத் தொடும்போதுதான் வெடிக்கிறது. இப்படிச் சத்தமில்லாமல் தாண்டுவது மோசமான குணம் என்பது என் கருத்து. வளர்ச்சிக் கட்டத்திலாவது ‘தெரியாத ஃபீல்டுகளைப் புறக்கணி’ என்பதை அணைத்து வையுங்கள்.

சரி, தீர்வு. ஒரு வரி கிளாஸ் போதும்: ‘மாணவர்விண்ணப்பம்’ என்ற கிளாஸ், ‘விண்ணப்பம்<மாணவர்>’ஐ எக்ஸ்டெண்ட் செய்யட்டும். உடல் காலியாக இருக்கலாம். கன்ட்ரோலர் பாராமீட்டரில் அந்தப் பெயரைக் கொடுங்கள். இப்போது தாய் கிளாஸின் டைப் கிளாஸ் ஃபைலில் பதிவாகிவிட்டது. பைண்டர் கெட்டரையும் செட்டரையும் இந்தக் குழந்தை கிளாஸின் பார்வையிலிருந்து படிப்பதால் டி என்றால் மாணவர் என்று கண்டுபிடித்துவிடும். ஆசிரியருக்கும் இப்படியே இன்னொன்று. கன்ட்ரோலருக்குள்ளேயே இதை எழுதினால் ஸ்டாட்டிக் என்று போட மறக்காதீர்கள். ஸ்டாட்டிக் இல்லாத உள் கிளாஸை வெளி ஆப்ஜெக்ட் இல்லாமல் உருவாக்க முடியாது, ஸ்பிரிங்கால் அது ஆகாது.

கூடுதல் கிளாஸே வேண்டாம் என்றால், மாடல் அட்ரிபியூட் மெத்தட் ஒன்றை எழுதி, டேட்டாவுக்குள் புதிய மாணவரை முன்கூட்டியே வைத்துத் திருப்பி அனுப்பலாம். டேட்டா நல் இல்லை என்றால் பைண்டர் அறிவித்த டைப்பைத் தேடாது, உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டின் உண்மையான கிளாஸையே பார்க்கும். வேலை நடக்கும். ஆனால் அந்த மெத்தடை யாராவது நாளை எடுத்துவிட்டால் கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது. அதனால் நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.

‘டி எக்ஸ்டெண்ட்ஸ் நபர்’ என்று வரம்பு வைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாது. அப்போது ஆப்ஜெக்டுக்குப் பதில் நபர் உருவாகும், நபரில் உள்ள ஃபீல்டுகள் மட்டும் நிரம்பும், மதிப்பெண் மாதிரி மாணவருக்கே உரியவை காணாமல் போகும்.

கன்ட்ரோலரையே ஜெனரிக் ஆக்கினால்? பொதுவான தாய் கன்ட்ரோலரில் பாராமீட்டர் வெறும் டி ஆக இருந்து, மாணவர் கன்ட்ரோலர் அதை மாணவருக்காக எக்ஸ்டெண்ட் செய்தால், ஸ்பிரிங் சரியாகக் கண்டுபிடித்துவிடும். காரணம் அதேதான்: டைப் எக்ஸ்டெண்ட்ஸில் எழுதப்பட்டிருக்கிறது. மாணவருக்குள் ‘லிஸ்ட்<மதிப்பெண்>’ இருந்தாலும் பிரச்சினை இல்லை, அந்த டைப் ஃபீல்டிலேயே பதிவாகியிருக்கிறது. ஒன்று மட்டும்: இயல்பாக லிஸ்ட் 256 வரைதான் தானாக வளரும். அதற்கு மேல் வரிசைகள் கொண்ட பெரிய அட்டவணையை ஒரே ஃபார்மில் அனுப்பினால் பிழை வரும். வரம்பை பைண்டரில் மாற்றிக்கொள்ளலாம்.

டைப் சரியான பிறகு அடுத்து வருபவை சின்னச் சின்னவை. காலியாக விட்ட எண் பெட்டி வெற்றுச் சரமாக வரும். அது ‘இன்ட்’டுக்குள் போகாது, ‘இன்டிஜர்’ என்றால் நல் ஆகும். டேட் இன்புட் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் அனுப்புவதால் டேட்டைம் ஃபார்மட் குறிப்பு தேவைப்படலாம். நிரப்பும்போது வந்த பிழைகளைத் தரும் பைண்டிங் ரிசல்ட் பாராமீட்டர், விண்ணப்பப் பாராமீட்டருக்கு அடுத்ததாகவே இருக்க வேண்டும். நடுவில் வேறொன்று வந்தால், தவறான மதிப்பு வரும்போது பயனருக்கு 400 பிழைதான்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. ‘நிலை’ என்ற ஃபீல்டு அதே கிளாஸில் இருக்கிறது. ஃபார்மில் அந்த இன்புட் இல்லாவிட்டாலும், விண்ணப்பிப்பவர் கையால் ஒரு பாராமீட்டரைச் சேர்த்து அனுப்பினால் பைண்டர் அதையும் நிரப்பிவிடும். தன் விண்ணப்பத்தைத் தானே ‘ஏற்கப்பட்டது’ என்று மாற்றிக்கொள்ளலாம். 2012இல் கிட்ஹப்பில் இதே வகை ஓட்டை வழியாக ஒருவர் தனக்கு உரிமையில்லாத ரிப்போசிட்டரியில் எழுத முடிந்தது. அது ரூபி மொழியின் ரெயில்ஸ் கட்டமைப்பில் எழுதப்பட்ட தளம், ஆனால் பழக்கம் ஒன்றே. 2022 மார்ச்சில் வெளியான ஸ்பிரிங்4ஷெல் ஓட்டையும் பைண்டர் புள்ளி வைத்த பெயர்களைப் பின்தொடர்ந்து, ஜாவா கிளாஸ்களை ஏற்றும் கிளாஸ்லோடர் வரை போனதால் வந்ததுதான். ஸ்பிரிங்கின் 5.3.18, 5.2.20 பதிப்புகளில் அது அடைக்கப்பட்டது. உங்களுடையது அதற்கு முந்தையது என்றால் இன்றே ஏற்றுங்கள். ஏற்றிய பிறகும், பைண்டரை அமைக்கும் இனிட்பைண்டர் மெத்தடில் அனுமதிக்கும் ஃபீல்டுகளின் பட்டியலைக் கொடுங்கள்: ‘டேட்டா.பெயர்’, ‘டேட்டா.மதிப்பெண்’ என்று முழுப் பாதையோடு. வெறும் ‘பெயர்’ என்று எழுதினால் பொருந்தாது. நிலையையும் தேதியையும் அதில் சேர்க்காமல், சர்வரில் நீங்களே நிரப்புங்கள்.