திங்கட்கிழமை லீவும் மெமோவும்: சூப்பர்வைசருக்கு ஒரு பதில், தொழிலாளிகளுக்கு இரண்டு

இந்த முறை மூன்று கடிதங்கள், மூன்றும் லீவு சமாசாரம்தான்.

கேள்வி: ஸ்பின்னிங் மில்லில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். திங்கட்கிழமை ஆனால் நாலைந்து பேர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள். வந்தவர்களுக்குக் கூடுதல் மெஷின் கொடுத்தால் அவர்கள் திட்டுகிறார்கள், கொடுக்காவிட்டால் மேனேஜர் திட்டுகிறார். மெமோ கொடுத்தால் நான் கெட்டவன், கொடுக்காவிட்டால் கையாலாகாதவன். என்னதான் செய்வது?
– வாசகர், பல்லடம்

பதில்: கோபம் நியாயம்தான். வராதவருடைய வேலை வந்தவர் தலையில் விழுகிறது, அதனால் 'அவனுக்கு மெமோ கொடுங்க சார்' என்று முதலில் சொல்வதே பக்கத்து மெஷின்காரராகத்தான் இருப்பார். ஆனால் ஒன்று பாருங்கள். நாம் லீவு போட்டால் நமக்குக் காய்ச்சல், அடுத்தவர் போட்டால் அவருக்குப் பொறுப்பில்லை. சூப்பர்வைசர்கள் பலருக்கும் இந்தக் கணக்கு தன்னையறியாமலே ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை டாஸ்மாக் போய்விட்டுத் திங்கட்கிழமை எழுந்திருக்க முடியாதவரும் இருக்கிறார், மறுக்கவில்லை. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பப் பஸ் கிடைக்காதவரும் அதே பட்டியலில்தான் இருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே மெமோ போனால் இரண்டாமவர் உங்களை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார்.

டக்ளஸ் மெக்ரெகர் என்ற அமெரிக்க மேலாண்மைப் பேராசிரியர் பெயரில் 'சூடான அடுப்பு விதி' என்று ஒன்று சொல்வார்கள். அடுப்பு சுடும் என்பது முன்பே தெரியும், தொட்டால் உடனே சுடும், எப்போது தொட்டாலும் சுடும், யார் தொட்டாலும் சுடும், தண்டனையும் அப்படி இருக்க வேண்டும் என்பது விதி. நம் ஊர் ஷெட்டுகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். மாசக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, புரொடக்‌ஷன் குறைந்து மேலே திட்டு வாங்கிய அன்றைக்கு, கையில் கிடைத்தவருக்கு ஒரு மெமோ. வாங்கியவர் 'ஏன் எனக்கு மட்டும்?' என்று கேட்கிறார், அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. தண்டனை கடுமையாக இருப்பதைவிட ஆளுக்கு ஆள் மாறுவதுதான் தொழிலாளிகளுக்கு அதிகம் உறுத்துகிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆனாலும் அடுப்புக்குக் காது கிடையாது, உங்களுக்கு இருக்கிறது. கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: அனுமதியில்லாமல் வராமல் இருந்தார் என்பது மட்டும் போதாது, வேண்டுமென்றே வராமல் இருந்தார் என்று விசாரணையில் காட்ட வேண்டும், உடம்பு சரியில்லாமல், விபத்தில் மாட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து வராமல் இருந்தவரும் இருக்கலாம். அதனால் ஆள் திரும்பி வந்த அன்றைக்கே, மெஷினில் ஏற்றுவதற்கு முன்னால், தனியாகக் கூப்பிட்டு என்ன ஆச்சு என்று கேளுங்கள், சொன்னதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்டால் பொய்தான் வரும். இதை மேனேஜரின் சொந்தக்காரருக்கும் யூனியன்காரருக்கும் விடாமல் செய்யுங்கள். அப்புறம் கொடுக்கிற மெமோவை யாரும் கேள்வி கேட்பது கஷ்டம்.

அதோடு, திங்கள்தோறும் நாலு பேர் குறைகிறார்கள் என்றால் பதிலி ஆட்கள் போதவில்லை என்று மேனேஜரிடம் எழுத்தில் கொடுங்கள். அது அவர் வேலை, மெமோ போட்டு அதை நீங்கள் தீர்க்க முடியாது.

கேள்வி: பனியன் கம்பெனியில் டெய்லர். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் சொல்லாமல் நின்றதற்கு இரண்டு நாள் சம்பளம் பிடித்துவிட்டார்கள், அட்டெண்டன்ஸ் போனஸும் போச்சு. இது சரியா?
– வாசகி, அவிநாசி

பதில்: சரியில்லை. வராத நேரத்துக்கு உண்டான சம்பளத்தை மட்டும்தான் பிடிக்கலாம், 1936-ன் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலிருந்தே விதி அதுதான். பத்துப் பேரோ அதற்கு மேலோ பேசி வைத்துக்கொண்டு நோட்டீஸ் இல்லாமல் நின்றால் மட்டும் 8 நாள் சம்பளம் வரை பிடிக்க இடம் உண்டு. உங்கள் குழந்தையின் காய்ச்சலுக்கு அது பொருந்தாது. போனஸ் வேறு கதை, ஒரு நாள் நின்றாலும் கிடையாது என்று நிபந்தனை போட்டிருந்தால் வாதாடுவது சிரமம்.

உங்களுக்கே உடம்பு சரியில்லாமல் போனால், ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இருந்து, அதற்குச் சந்தா கட்டிய தகுதி நாட்களும் முடித்திருந்தால், வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அந்தப் பணம் வாங்கும் காலத்தில் வேலையை விட்டு எடுக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 1948 ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். ஆனால் ஒன்று, ஷிஃப்டுக்கு முன்னால் லைன் சூப்பர்வைசருக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டுவிடுங்கள். லீவு கொடுக்காவிட்டாலும், சொல்லாமல் நின்றார் என்ற பேச்சு வராது.

கேள்வி: அப்பா காரியத்துக்குப் போய் 12 நாள் கழித்து வந்தேன். 'பேரை அடிச்சாச்சு' என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.
– வாசகர், ஓசூர்

பதில்: அப்படித் தானாக அடிபடாது. 10 நாளுக்கு மேல் லீவு இல்லாமல் நிற்பது மத்திய மாதிரி நிலையாணைகளில் (கம்பெனி வேலை விதிகளுக்கு அரசு வகுத்த மாதிரி) ஒழுங்கீனம்தான், ஆனால் விளக்கம் கேட்காமல், விசாரிக்காமல் அனுப்ப முடியாது. 1993-ல் டி.கே. யாதவ் வழக்கில், 8 நாளுக்கு மேல் வரவில்லை என்று நிலையாணையைக் காட்டிப் பேரை அடித்த கம்பெனியை, அவரைத் திரும்பச் சேர்த்துப் பாதிச் சம்பளப் பாக்கியையும் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 'வேலைக்கு வந்தேன், கேட்டில் நிறுத்தினார்கள்' என்று தேதியோடு ஒரு கடிதம் எழுதி, இறப்புச் சான்றிதழ் நகலை வைத்து, இன்றைக்கே ஸ்பீட் போஸ்டில் கம்பெனிக்கு அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அவர்கள் நீட்டுகிற ராஜினாமாத் தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பதில் வராவிட்டால் அந்த ரசீதோடு தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுங்கள்.