கிடார் கேட்க எங்கே தொடங்குவது?

கேள்வி: நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கிவிட்டேன். சினிமாப் பாட்டுக்கு நடுவே வரும் கிடார்தான் இதுவரை கேட்டது. பல பாணிகளில், ஒலிப்பதிவு நன்றாக அமைந்த கிடார் ஆல்பங்கள் சொல்லுங்களேன். – வாசகர், ஈரோடு

பதில்: 'எ மீட்டிங் பை த ரிவர்' ஆல்பத்தில் தொடங்குங்கள். அமெரிக்க கிடார் கலைஞர் ரை கூடரும் ஜெய்ப்பூரின் விஷ்வ மோகன் பட்டும் 1992 செப்டம்பரில், கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில், ஒரு தேவாலயத்துக்குள் உட்கார்ந்து வாசித்தது. அதற்கு முன் இருவரும் சேர்ந்து வாசித்ததே இல்லை. பதிவு செய்தவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். ஒரு ஜோடி ஸ்டீரியோ மைக், பழைய ரேடியோவில் இருப்பதுபோன்ற வால்வு கருவிகள், டேப். அவ்வளவுதான். வாத்தியத்துக்கு ஒரு மைக் வைத்து, பிறகு கம்ப்யூட்டரில் ஒட்டிச் சேர்க்கிற வேலையெல்லாம் கிடையாது.

பட் வாசிக்கும் மோகன வீணையும் ஒருவகையில் கிடார்தான். மடியில் கிடத்தி, தந்திமேல் உலோகத் தண்டு ஒன்றை நகர்த்தி வாசிப்பது. அடியில் இருக்கும் துணைத்தந்திகளை யாரும் தொடாமலே அவை தானாக அதிரும். கூடர் ஒரு ஸ்வரத்தை இழுத்து நிறுத்திய பிறகு கவனியுங்கள்: தந்தி ஓய்ந்தாலும் அந்தத் தேவாலயக் கூடத்தின் அதிர்வு ஓயாது. ஒலியைக் குறைத்து வைத்தே கேளுங்கள். 1994-ல் இதற்கு கிராமி இசை விருது கிடைத்தது.

அடுத்து, அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை. மடி வாட்டர்ஸின் 'ஃபோக் சிங்கர்', 1963-ல் பதிவானது. எலெக்ட்ரிக் கிடாரால் பேர் வாங்கிய மனிதர் இதில் மின்சாரம் தேவைப்படாத அக்கூஸ்டிக் கிடாருக்குத் திரும்பியிருக்கிறார். கூட வாசிப்பவர் பட்டி கை (Buddy Guy) என்ற இளைஞர். முணுமுணுப்பாகப் போகும் குரல் திடீரென்று உயரும். வால்யூமைக் கூட்டி வைத்திருந்தால் தூக்கிவாரிப் போடும்.

'ஃப்ரைடே நைட் இன் சான் ஃப்ரான்சிஸ்கோ'வை எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். 1980 டிசம்பர் 5 கச்சேரி. இடது காதில் பாகோ டி லூசியா, நடுவில் ஜான் மெக்லாஃப்லின், வலது காதில் அல் டி மியோலா. முதல் உருப்படியில் மெக்லாஃப்லின் கிடையாது. இடப்பக்கம் பாகோவின் நைலான் தந்தி, வலப்பக்கம் மியோலாவின் ஸ்டீல் தந்தி என்று பிரித்துக் கேட்கப் பழக இதைவிட நல்ல பாடம் இல்லை. இசையாக மட்டும் கேட்டால், யார் வேகம் என்கிற போட்டி எனக்குப் பாதியில் அலுத்துவிடும். கூட்டத்தின் விசில் அருமை!

செவ்வியல் கிடாருக்கு ஜூலியன் ப்ரீம்; இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் உள்ள வார்டர் தேவாலயத்தில் அவர் செய்த பதிவுகளாகத் தேடுங்கள். அப்புறம், மாலி நாட்டு அலி ஃபார்கா தூரே, கோரா என்ற ஆப்பிரிக்க யாழை வாசிக்கும் துமானி ஜபாத்தேயுடன் சேர்ந்த 'இன் த ஹார்ட் ஆஃப் த மூன்' (2005). பமாகோ நகரில் ஒரு ஹோட்டலில் பதிவானது. ராத்திரிக்கு உகந்தது.

கேள்வி: ஒரே ஆல்பம் நாலைந்து பதிப்பாகக் கிடைக்கிறது. 'ரீமாஸ்டர்' என்று போட்டிருந்தால் வாங்கலாமா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: ரீமாஸ்டர் என்றால் பழைய பதிவின் ஒலியை மறுபடி சீர்செய்து வெளியிடுவது. அந்தச் சொல்லை நம்பி வாங்க வேண்டாம். சில ரீமாஸ்டர்கள் மூல டேப்பிலிருந்து கவனமாகச் செய்யப்பட்டவை. வேறு சிலவற்றில் மெல்லிய இடங்களையும் தூக்கி எல்லாவற்றையும் ஒரே சத்தமாக்கியிருப்பார்கள். சத்தம் கூடியதும் காது 'ஆகா' என்று ஏமாந்துபோகும். அதனால் இரண்டு பதிப்புகளின் ஒலியையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிடுங்கள். தந்தியைச் சுண்டும் முதல் நொடி எதில் கூர்மையாக விழுகிறதோ, அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிடார் பதிவுகளில் நடுநடுவே 'கீச்' என்று கேட்கிறதே, அது பதிவின் குறையா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லை. தடித்த தந்திகள்மேல் உலோக இழை சுற்றியிருக்கும். இடது கை விரல் அதில் வழுக்கிப் போகும் சத்தம் அது. மைக் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு கேட்கும். ஒரே உருப்படியில் பத்து முறை கேட்டால் மட்டும் வாசிப்பவரைச் சந்தேகப்படலாம்.