பருவங்களின் பெயர் தெரிகிறது, பருவம் புரியவில்லை: நாலு வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்லித் தருவது?

உங்கள் மகள் வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்று வரிசை தப்பாமல் ஒப்பிக்கிறாள். படத்தைக் காட்டினால் பெயரும் சொல்கிறாள். ஆனால் ஜன்னலுக்கு வெளியே காட்டி "இப்போ என்ன காலம்?" என்றால் விழிக்கிறாள். வார்த்தையும் ஓவியமும் வைத்து இதை எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீட்டில் இருப்பது அநேகமாக அந்தத் தாளாகத்தான் இருக்கும். நாலு கட்டம், நாலு மரம். ஒன்றில் இளஞ்சிவப்புப் பூ, ஒன்றில் பச்சை, ஒன்றில் ஆரஞ்சு, கடைசியில் வெள்ளை. மழலையர் வகுப்பில் நிறைய வருடம் இருந்துவிட்டேன், அந்தத் தாளைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். நாலும் ஒரே மரம் என்பது நமக்குத் தெரியும். குழந்தைக்கு அவை நாலு வேறு வேறு மரங்கள். பூ மரத்தின் பெயர் வசந்தம், மொட்டை மரத்தின் பெயர் குளிர்காலம், அவ்வளவுதான். வெளியே பாதி பச்சையும் பாதி மஞ்சளுமாக நிற்கும் மரத்துக்கு அந்தத் தாளில் இடமே இல்லை. பிறகு அவள் விழிக்காமல் என்ன செய்வாள்?

தாளை எடுத்து வைத்துவிட்டு, தினமும் கண்ணில் படுகிற ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். இலை உதிர்க்கும் மரமாக இருந்தால் நல்லது. வாரம் ஒருமுறை அதன் அடியில் போய் நின்று "என்ன தெரியுது? என்ன கேக்குது? தொட்டா எப்படி இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். அவள் சொல்வதை அப்படியே ஒரு நோட்டில் எழுதுங்கள். "மரம் முடி கொட்டுது" என்றால் அதையே எழுதுங்கள், திருத்தாதீர்கள். பக்கத்தில் அன்றைய மரத்தை அவள் வரையட்டும். பருவத்தின் பெயரை நீங்களாக எடுக்காதீர்கள். நாலைந்து பக்கம் சேர்ந்த பிறகு நோட்டைப் புரட்டிக் காட்டி, "இப்படி இலை மஞ்சளாகி விழுற நாட்களுக்கு இலையுதிர் காலம்னு பேரு" என்றால் போதும். பார்த்ததற்குப் பெயர் வைப்பது குழந்தைக்குச் சுலபம்.

வார்த்தை என்று வந்தால் தமிழில் நமக்குப் பஞ்சமே இல்லை. பெயரை விட வினையைக் கொடுங்கள்: அரும்புது, துளிர்க்குது, பூக்குது, காய்க்குது, பழுக்குது, வாடுது, உதிருது. ஒரு இலைக்கே கொழுந்து, தளிர், பழுத்த இலை, சருகு என்று எத்தனை! தளிரை ஒரு கையிலும் சருகை இன்னொரு கையிலும் வைத்து இந்தச் சொற்களைச் சொல்லிப் பாருங்கள், மறக்கவே மாட்டாள். அப்புறம் ஒலிச் சொற்கள். காய்ந்த இலை மொறுமொறு, ஈரமான இலை சொதசொத, காற்றில் சலசல, குளிரில் வெடவெட, போர்வைக்குள் கதகத. நாலு வயதுக்காரர்களுக்கு இவை சாக்லேட் மாதிரி, திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டே வரைந்தால் கோடும் மாறும். சலசலவுக்கு நீண்டு வளையும், வெடவெடவுக்கு நடுங்கிக்கொண்டு வரும். நான் வகுப்பில் முதலில் சொல்லவைத்து, பிறகுதான் கிரேயானைக் கையில் கொடுப்பேன்.

ஓவியம் பற்றிச் சொல்வதற்கு முன் ஒரு சம்பவம். இந்தப் பதிலை எழுதவே அதுதான் காரணம்.

இலையுதிர் காலம் தொடங்கிய சமயம். ஒரு பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அச்சடித்த இலைப் படம் கொடுத்து ஆரஞ்சு அடிக்கச் சொல்ல வேண்டும் என்பது மேலிருந்து வந்த உத்தரவு. ஒரு பையன் மட்டும் ஆரஞ்சைத் தொடவே இல்லை. நடுவில் நரம்பை ஒட்டிப் பச்சை, விளிம்பில் மஞ்சள், நுனியில் பழுப்புப் புள்ளிகள் என்று வெகு நேரம் உட்கார்ந்து அடித்தான். மேற்பார்வைக்கு வந்தவர் அதை எடுத்துப் பார்த்து, "இவனுக்குப் பாடம் புரியல, வேற தாள் கொடுத்துத் திருப்பிச் செய்ய வைங்க" என்றார். பையன் முகம் வாடிவிட்டது. நான் வாசலுக்குப் போய் மரத்தடியில் கிடந்த ஒரு இலையை எடுத்து வந்து அவன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். பச்சை நரம்பு, மஞ்சள் விளிம்பு, பழுப்புப் புள்ளி, எல்லாம் அப்படியே இருந்தது. அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, "அது சரி மேடம், ஆனா சுவர்ல ஒட்டினா எல்லாம் ஒரே மாதிரி இருக்கணுமே" என்றார்.

நான் திருப்பிச் செய்ய வைக்கவில்லை. அவன் படத்தைச் சுவரின் நடுவில் ஒட்டினேன், உண்மையான இலையையும் பக்கத்தில் ஒட்டினேன். அதற்குப் பிறகு அச்சடித்த இலையை என் வகுப்புக்குள் விடவில்லை. அதற்காகத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். பேசட்டும். அந்தச் சுவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அந்தப் பையன் அடித்த வண்ணம் அறிவியல்படியும் சரிதான். இலையில் மஞ்சள் நிறமி கோடையிலேயே இருக்கிறது, பச்சையம் அதை மறைத்திருக்கிறது. பகல் குறையக் குறைய மரம் பச்சையத்தைப் புதிதாகச் செய்வதை நிறுத்துகிறது, இருப்பதும் சிதைகிறது, உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. பல மரங்களில் நரம்போரப் பச்சைதான் கடைசியில் போகும். சிவப்பு மட்டும் வேறு கதை, சில மரங்கள் அதை அந்தச் சமயத்தில்தான் புதிதாக உண்டாக்குகின்றன.

இதைக் குழந்தைக்கு ஓவியமாகவே காட்டலாம். தாளில் மஞ்சள் ஆயில் பேஸ்டலை அழுத்தி அடிக்கச் சொல்லுங்கள். அதன் மேல் முழுக்கக் கரும்பச்சை. பிறகு பல்குச்சியால் சுரண்டினால் பச்சை போகும், மஞ்சள் வரும். மரம் செய்வதும் ஏறக்குறைய இதுதான். வசந்தத்துக்கு வாட்டர் கலர்: மஞ்சளைக் கரைத்து வைத்து நீலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் முதலில் தளிர்ப் பச்சை, விட விடக் கோடைப் பச்சை. அதே பச்சையில் சிவப்பைக் கொஞ்சம் கலந்தால் சருகின் பழுப்பு. கடையில் கிடைக்கும் பன்னிரண்டு நிறப் பெட்டியைக் கொடுத்தால் இந்த மாற்றம் கண்ணில் படாது, மூன்று நிறம் கொடுங்கள் போதும். பனிக்கு வெள்ளைத் தாளில் வெள்ளைக் கிரேயானால் கிறுக்கி, மேலே தண்ணீராகக் கரைத்த நீலத்தைப் பூசச் சொல்லுங்கள். மெழுகு பட்ட இடத்தில் நிறம் ஒட்டாது, பனி தானாகத் தெரியும்.

காகிதத்தில் பனித்துகள் வெட்டுவதாக இருந்தால் ஆறு கை வரும்படி மடியுங்கள். பாதியாக மடித்து, பிறகு அந்தப் பாதியை மூன்றாக மடிக்க வேண்டும். எட்டு கை வெட்டுவது சுலபம் என்று எல்லோரும் எட்டே வெட்டுகிறார்கள். தண்ணீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாக அடுக்கிக்கொள்வதால்தான் ஆறு. குழந்தைக்குக் காரணம் வேண்டாம், எண்ணிக்கை சரியாக இருக்கட்டும்.

இங்கே சிலர் வருவார்கள் என்று தெரியும். "நாலு வயசுக்கு இவ்வளவு தேவையா, படம் காட்டிப் பெயர் சொன்னால் போதாதா?" என்பார்கள். நான் நிறமி, மூலக்கூறு என்று பிள்ளைகளிடம் சொல்லச் சொல்லவில்லை. சொல்லித் தருகிற பெரியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். தெரியாமல் போவதால்தான் "கோடையில் பூமி சூரியன் பக்கத்துல போகுது" என்று கூசாமல் சொல்கிறார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் சுமார் 15.2 கோடி. ஜனவரியில் வடபாதியில் குளிர், அதே நாளில் தென்பாதியில் கோடை. பூமியின் அச்சு சுமார் 23.4 டிகிரி சாய்ந்திருப்பதுதான் காரணம். ஆறேழு வயதில் டார்ச்சை நேராகவும் சாய்த்தும் தாளில் அடித்துக் காட்டினால் புரிந்துவிடும். நாலு வயதுக்கு நிழல் போதும். மதியம் ஒரே இடத்தில் அவளை நிறுத்தி நிழலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு, நீளத்தைக் கயிற்றில் அளந்து தேதி எழுதி வையுங்கள். சில மாதம் கழித்து அதே இடத்தில் இன்னொரு கயிறு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசத்தை அவளே சொல்வாள்.

இன்னொரு ஆதங்கம், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பெயிண்ட் அடிக்கும்போது போட்டோ எடுத்துப் பெற்றோர் குழுவில் போடச் சொல்லும் பழக்கம் வந்தது முதல் வகுப்பே கெட்டுவிட்டது. இலையை முகர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையை "இங்க பாரு, சிரி" என்று திருப்ப வேண்டியிருக்கிறது. "என் பிள்ளை போட்டோ மட்டும் ஏன் வரல?" என்று இரவில் செய்தி வருகிறது. அந்தப் பிள்ளை அன்றைக்கு என்ன சொன்னது, எந்தச் சொல்லைப் புதிதாகப் பிடித்தது என்று யாரும் கேட்பதில்லை. பெற்றோரைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், அவர்களுக்கும் ஆசை இருக்கும். ஆனால் ஆசிரியருக்கு இருப்பது இரண்டு கைதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெரியவர்கள் வரைந்த ஓவியம் காட்ட விரும்பினால் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் தானியப் போர்களை, அதாவது வயலில் குவித்து வைத்த கதிர்க் குவியல்களைக் காட்டுங்கள். 1890, 1891இல் தன் வீட்டருகே நின்ற போர்களையே கோடை முடிவிலும் பனியிலும் திரும்பத் திரும்ப வரைந்தார். ஒரே பொருள், வேறு வேறு நாள், இதைத்தான் உங்கள் மகளும் அந்த நோட்டில் செய்யப் போகிறாள். பனி படத்தில் நிழல் என்ன நிறம் என்று கேளுங்கள். கருப்பு என்று சொல்ல வந்து, நீலத்தைப் பார்த்து நிறுத்துவாள்.

இலை உதிர்ந்ததும் "மரம் செத்துப் போச்சா?" என்று கட்டாயம் கேட்பாள். என் வகுப்பில் வருடா வருடம் யாராவது கேட்பார்கள், சிலர் அழுதும் இருக்கிறார்கள். "தூங்குது" என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். தாழ்ந்த கிளை ஒன்றைப் பிடித்து அதன் நுனியை விரலால் தடவவையுங்கள். பெரும்பாலான இலையுதிர் மரங்களில் அடுத்த வருடத்து மொட்டு, பழைய இலை விழும் முன்பே உருவாகி மூடிக்கொண்டு காத்திருக்கும். அதைத் தொட்ட பிள்ளை குளிர்கால மரத்தை வெறும் குச்சியாக வரையாது, நுனிகளில் சின்னச் சின்னப் புள்ளி வைக்கும். அந்தப் புள்ளியைப் பார்த்தால் பருவம் புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இருக்கும் இடத்தில் நாலு பருவமும் தெளிவாக வராது என்றாலும் இதே நோட்டு செல்லும். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கப் பகலின் நீளம் அதிகம் மாறாது, மழைக்காலமும் வறண்ட காலமும்தான் பளிச்சென்று தெரியும். அப்படியென்றால் அவள் கண்ணெதிரே வரும் மாற்றத்தை முதலில் எழுதி, வரையட்டும். பனி பெய்யும் ஊர்களைப் பிறகு படத்தில் காட்டலாம், "அங்கே இப்படி" என்று.

வசந்தத்தில்தான் தொடங்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், இந்த வாரம் மரம் எப்படி நிற்கிறதோ அதுவே முதல் பக்கம். வருடம் முடிந்ததும் படங்களைப் பிரித்து நீளமாக ஒட்டி, இரண்டு முனையையும் சேர்த்து வளையமாக்கிக் கொடுங்கள். கட்டம் போட்ட தாளில் குளிர்காலத்தோடு கதை முடிந்துவிடும், வளையத்தில் அடுத்த படம் துளிர்தான்.