யார் தருவது என்பதை ரத்தப் பரிசோதனை முடிவு செய்யலாமா?

உடன்பிறந்தவருக்குச் சிறுநீரகம் தருவது பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களும் எங்கள் மருத்துவ, சட்டக் குழுவின் பதில்களும்.

என் பெரிய அண்ணனுக்கு 46 வயது. சர்க்கரை நோயால் இரண்டு கிட்னியும் செயலிழந்து, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்கிறோம். அண்ணனைச் சேர்த்து நாங்கள் நான்கு பேர். "எல்லாரும் டெஸ்ட் எடுங்க, யாருக்கு மேட்ச் ஆகுதோ அவங்க குடுங்க" என்கிறார் அம்மா. எனக்கு ஓ வகை ரத்தம் என்பதால் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். என் கணவருக்கு விருப்பமில்லை. எனக்கு ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. – வாசகி, திருப்பூர்

அம்மா சொல்லும் வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். மனசு முதலில், ரத்தம் பிறகு. பல குடும்பங்களில் உறவு முறிவது கிட்னியைக் கொடுத்ததாலோ கொடுக்காததாலோ அல்ல, முடிவெடுக்கும் முன்பே டெஸ்ட் எடுத்ததால்தான். ரிசல்ட் வந்து, "இவளுக்குத்தான் முழுசா ஒத்துப்போகுது" என்று ஊரெல்லாம் தெரிந்த பிறகு எந்தத் தங்கையால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? மூவரும் தனித்தனியாக யோசித்து, தர விரும்புபவர் மட்டும் பரிசோதனைக்குப் போகட்டும்.

ஓ வகை என்பதாலேயே நீங்கள்தான் என்று ஆகிவிடாது. ஓ வகைக்காரர் எல்லா வகையினருக்கும் தரலாம் என்பது உண்மை; பாசிட்டிவ், நெகட்டிவ் இதில் பொருட்டில்லை. ஆனால் அண்ணனின் வகையே உள்ள இன்னொருவரும் தரலாம். திசுப் பொருத்தமான ஹெச்.எல்.ஏ.வில் பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வருகிறது. அதனால் உடன்பிறந்த இருவருக்குள் முழுப் பொருத்தம் அமைய நாலில் ஒரு வாய்ப்பு, பாதிப் பொருத்தத்துக்கு இரண்டு, கொஞ்சமும் ஒத்துப்போகாமல் இருக்க ஒன்று. இன்றைய மருந்துகளைக் கொண்டு பாதிப் பொருத்தத்திலும் நன்றாகவே செய்கிறார்கள். தடையாக நிற்பது கிராஸ் மேட்ச்தான். தருபவரின் வெள்ளணுக்களோடு அண்ணனின் சீரத்தை, அதாவது அணுக்கள் நீக்கிய ரத்த நீரைச் சேர்த்துப் பார்ப்பார்கள். தருபவரின் திசுவுக்கு எதிரான எதிர்ப்புப் புரதம் அண்ணனின் உடலில் இருந்தால், வைக்கும் கிட்னியை அது உடனே தாக்கும். டயாலிசிஸ் செய்பவருக்கு அவசரமில்லாமல் ரத்தம் ஏற்ற வேண்டாம், ரத்தம் ஊற வைக்கும் எரித்ரோபாய்ட்டின் ஊசி போடுங்கள் என்று டாக்டர்கள் சொல்வது இதற்காகத்தான். ஏற்றும் ஒவ்வொரு பாட்டிலும் அந்த எதிர்ப்பை வளர்க்கக்கூடும்.

அடுத்து உங்கள் உடல். அண்ணனுக்குச் சர்க்கரை இருப்பதால் உங்களுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரையோடு நிறுத்தாமல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும், மூன்று மாதச் சராசரியும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை உறுதியானால் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். பிறகு ரத்த அழுத்தம், 24 மணி நேரச் சிறுநீரில் புரதம், ஒவ்வொரு கிட்னியும் தனித்தனியே எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் டி.டி.பி.ஏ. ஸ்கேன், ரத்தக் குழாய்களை எண்ணும் சி.டி. ஆஞ்சியோ. இரண்டும் சமமாக வேலை செய்தால் பெரும்பாலும் இடது கிட்னியை எடுப்பார்கள், அதன் சிரை நீளமானது என்பதால். சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோபி என்றால் நாலைந்து நாளில் வீடு. ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், குழந்தை எதையும் தூக்கக்கூடாது. மிச்சமிருக்கும் கிட்னி சில மாதங்களில் சற்றுப் பெரிதாகி, பழைய மொத்த வேலையில் சுமார் 70 சதவீதத்தைத் தாங்கிக்கொள்ளும். கிட்னி வடிகட்ட வேண்டிய ரத்தக் கழிவான கிரியாட்டினின் 0.8-லிருந்து 1.1 அல்லது 1.2 ஆகும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வலி மாத்திரைகளைத் தொடாமல், ஆண்டுக்கொரு முறை அழுத்தமும் சிறுநீரும் பார்க்க வேண்டும். இன்னும் குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், தானத்துக்குப் பின் கர்ப்பகால ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு கூடுகிறது.

உங்கள் கணவர் விஷயம். மனைவி தானம் செய்யக் கணவரின் சம்மதம் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. டெல்லி உயர் நீதிமன்றம் 2022-ல் இதைத் தெளிவாக்கியது. ஆனாலும் பல மருத்துவமனைகளில் கையெழுத்துக் கேட்பார்கள். கையெழுத்துக்காக அல்ல, ஆபரேஷனுக்குப் பின் ஆறு வாரம் அடுப்படியையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளப்போவது அவர்தான் என்பதற்காக, சிறுநீரக மருத்துவரான நெப்ராலஜிஸ்ட்டிடம் அவரைக் கூட்டிப்போங்கள். அவர் பயத்தை உங்கள் அம்மா தீர்க்க முடியாது, டாக்டர் தீர்க்கலாம்.

எல்லாம் கேட்ட பிறகும் மனம் வரவில்லையா? டோனர்களுக்கான கவுன்சலரிடமோ மனநல மருத்துவரிடமோ தனியாகச் சொல்லுங்கள். "இவர் தானம் செய்யத் தகுதியில்லை" என்று மட்டுமே வீட்டாருக்குச் சொல்வார்கள். காரணம் உங்களோடும் டாக்டரோடும் நிற்கும். ஆபரேஷன் அறைக்குப் போகும் வரை இந்த வழி திறந்திருக்கிறது. ஒரு முறை சரி என்று சொல்லிவிட்டதாலேயே கட்டுப்பட வேண்டியதில்லை.

அக்காவுக்குக் கிட்னி முழுக்க நீர்க்கட்டி; பரம்பரை நோய் என்கிறார்கள். நான் கொடுக்கத் தயார். எனக்கு 29 வயது, ஸ்கேனில் ஒன்றுமில்லை. இருந்தும் டாக்டர் தயங்குகிறார், ஏன்? – வாசகர், சேலம்

பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கட்டிகள் மெதுவாகத்தான் தலைகாட்டும். 40 வயதுக்கு மேல் அல்ட்ராசவுண்டில் கட்டியே இல்லை என்றால் நோய் இல்லை என்று நம்பலாம். 29-ல் அப்படிச் சொல்ல முடியாது. எம்.ஆர்.ஐ. அல்லது மரபணுப் பரிசோதனை செய்யாமல் கொடுத்தால், பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து நீங்களே டயாலிசிஸ் வரிசையில் நிற்க நேரலாம். டாக்டரின் தயக்கம் உங்கள் நல்லதுக்குத்தான்.

தம்பிக்குக் கிட்னி கொடுக்கிறேன். பதிலுக்கு அவன் பங்கு நிலத்தில் ஒரு ஏக்கரை என் மனைவி பெயரில் எழுதித்தரச் சொன்னேன். இது தவறா? – வாசகர், தஞ்சாவூர்

குற்றம். 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தில் பணம் என்பதில் பண மதிப்புள்ள எதுவும் அடங்கும். 2011 திருத்தத்துக்குப் பின், தண்டனை 5 முதல் 10 ஆண்டு சிறை, அபராதம் 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை. அண்ணன் தம்பி என்பதற்கு இதில் விலக்கு இல்லை. ஆனால் ஆபரேஷனால் உங்களுக்கு நேரும் செலவையும், வேலைக்குப் போகாத நாட்களின் வருமானத்தையும் தம்பி தருவதைச் சட்டம் அனுமதிக்கிறது. கணக்கை எழுதி, சம்பள ரசீதோடு வாங்கிக்கொள்ளுங்கள். பாகப் பிரிவினையை வேறொரு நாளில், வேறொரு பேச்சாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடம் முன்பு தம்பிக்குக் கிட்னி கொடுத்தேன். அவன் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை. கேட்டால் சண்டை, மூன்று மாதமாகப் பேச்சில்லை. – வாசகி, நாகர்கோவில்

உங்கள் கோபம் நியாயம். என்றாலும் "என் கிட்னியை வீணாக்குறே" என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள். அதைக் கேட்டவர் தவறவிட்ட மாத்திரையை மறைக்கத்தான் செய்வார்.

ஏன் விடுகிறார் என்று பாருங்கள். புதுக் கிட்னியை உடல் நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸால் கை நடுங்கலாம், ஸ்டீராய்டால் முகம் உப்பலாம்; இளவயதில் பலர் இதற்காகவே நிறுத்துகிறார்கள். டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்ற வழியுண்டு. செலவு காரணம் என்றால், மருத்துவமனையின் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் மருந்துக்கு உதவி கிடைக்குமா என்று விசாரியுங்கள். காலை 9, இரவு 9 என்று 12 மணி நேர இடைவெளியில், போனில் இரண்டு அலாரம். பம்பளிமாஸ் பழமும், டாக்டருக்குத் தெரியாத நாட்டு மருந்தும் வேண்டாம்.

ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கும் நாளில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போய் ரத்தம் கொடுக்கிறார்கள். அளவு அதிகமாகக் காட்டும், டாக்டர் மருந்தைக் குறைப்பார், கிட்னி அடிவாங்கும். முந்தைய இரவு மாத்திரையிலிருந்து 12 மணி நேரம் கழித்து, மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரை கைப்பையிலேயே இருக்கட்டும், எடுத்த கையோடு போட்டுக்கொள்ளலாம். பேச்சை மறுபடி தொடங்க இதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது: "டெஸ்ட்டுக்கு என்னைக்குப் போறே? நானும் வர்றேன், என் செக்கப்பும் பாக்கி இருக்கு."