பீப் ஒலி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கருவிகள் எழுப்பும் எல்லா ஒலிகளையும் ‘பீப்’ என்று எழுதலாமா?

பதில்: கூடாது. ஏறி இறங்காமல் ஒரே சுருதியில் எழுந்து, நீளாமல் அறுபட்டுவிடும் குறுகிய மின்னணு ஒலிக்கே அச்சொல் பொருந்தும். ஏறி இறங்கினால் அது சைரன், விடாமல் தொடர்ந்தால் அலறல், தொலைபேசியோ சிணுங்குகிறது. இத்தனை நல்ல வினைகள் கைவசம் இருக்கையில், எல்லாவற்றுக்கும் ‘பீப்’ போடுவது நடையை வறியதாக்கிவிடும்.

கேள்வி: ‘பீப் பீப்’ இரட்டைக்கிளவியா, அடுக்குத்தொடரா?

பதில்: அடுக்குத்தொடர் என்பதே என் முடிவு. ‘இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா’ என்கிறது தொல்காப்பியம். சலசல, கலகல என்பவற்றைப் பிரித்தால் எஞ்சும் ‘சல’வும் ‘கல’வும் ஓசைப்பொருளை இழந்துவிடுகின்றன. ‘பீப்’ அத்தகையதன்று, தனியே நின்றும் பொருள் தருகிறது, அடுக்கினால் எண்ணிக்கையையும் காட்டுகிறது. கணினி தொடங்கும்போது எழும் பீப் ஒலிகள் எத்தனை, அவற்றுள் நெடியவை எவை, குறியவை எவை என்பதைக் கொண்டே நினைவகத்தில் பழுதா, திரைக்கான அட்டையில் பழுதா என்று கண்டறியும் முறை உண்டு என்பதால், அத்தகைய விளக்கக் குறிப்பை மொழிபெயர்ப்பவர் ஓசைக்காக ஒரு ‘பீப்’ கூட்டினாலும் பொருள் பிழைபட்டுப்போகும். சேர்த்து எழுதாமல் இடம்விட்டே எழுதுங்கள்.

கேள்வி: ‘பீப்பென்று’ சரியா, ‘பீபென்று’ சரியா?

பதில்: இரண்டையும் தவிர்த்து, ‘பீப் என்று’ எனப் பிரித்து எழுதுவதே நல்லது. தனிக்குறிலை அடுத்த ஒற்றுதான் உயிர் வந்தால் இரட்டிக்கும். அதனால் ‘டக்கென்று’, ‘டப்பென்று’ ஆகியவை முறையானவை. ‘பீ’ நெடில் ஆகையால் இலக்கணப்படி ‘பீபென்று’ என்றே வரும். ஆனால் இரு உயிர்களுக்கு நடுவே நிற்கும் பகரம் மெலிந்து ஒலிப்பதால், நாம் காட்ட விரும்பிய ஓசையே அங்கே மாறிவிடுகிறது. ஒலிக்குறிப்புச் சொல்லுக்கு ஓசைதானே உயிர்!

கேள்வி: வானொலியில் மணி சொல்லும் ஒலிகளையும் ‘பீப்’ எனலாமா?

பதில்: எனலாம், ஆனால் நமக்குக் குறில், நெடில் என்ற வசதி இருக்கிறது. 1924 முதல் பிபிசி ஒலிபரப்பிவரும் கிரீனிச் நேரக் குறிப்பில் முதல் ஐந்து ஒலிகள் 0.1 நொடி அளவின, ஆறாவது மட்டும் 0.5 நொடி நீள்வது. ஐந்தைப் ‘பிப்’ என்றும் கடைசியைப் ‘பீப்’ என்றும் எழுதினால், அந்த வேறுபாடு படிப்பவர் காதிலேயே விழும். சரியான மணி, ஆறாவது ஒலி தொடங்கும் கணம்.

கேள்வி: ‘வசனத்தை பீப் செய்தார்கள்’ என்று எழுதலாமா?

பதில்: பேச்சில் இருக்கட்டும். எழுத்தில் ‘பீப் ஒலியிட்டு மறைத்தார்கள்’ என்பது தெளிவு. பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலியே அதற்குப் பயன்படுகிறது.

கேள்வி: காற்றில்லாத விண்வெளியில் ஸ்புட்னிக் ‘பீப் பீப்’ என ஒலித்ததாக எழுதுவது பிழையல்லவா?

பதில்: பிழையே. 1957 அக்டோபர் 4 அன்று ஏவப்பட்ட அந்தச் செயற்கைக்கோள், சுமார் 20, 40 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் விட்டுவிட்டு அனுப்பியவை வானொலித் துடிப்புகள். தரையிலிருந்த வாங்கிகளே அவற்றைச் செவிக்கு எட்டும் ஒலியாக்கின. ‘ஸ்புட்னிக் அனுப்பிய சைகை, வானொலிப் பெட்டிகளில் பீப் பீப் எனக் கேட்டது’ என்று எழுதுங்கள்.